ஏற்பாட்டுத் திலகம்

மனைவியை அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் போய், கடற்கரை விடுதி ஒன்றில் இரண்டு நாள் தங்கிவர வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு அபாரமான மூளை எதுவும் தேவையில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தூரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொழுதெல்லாம் பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு காலைக் காப்பிக்குப் பிறகு கிளம்புகிறவர்கள், மத்தியானச் சாப்பாட்டை அலையோசையோடு சாப்பிடலாம். ஆனால் நான் வர்ணிக்கப் புகும் மகானுபாவர் அப்படிக் கிளம்புகிறவர்களை அநாகரிகர்கள் என்றே கருதுவார். பிள்ளை உத்தியோகத்துக்கும் பெண் புக்ககத்துக்கும் போய்விட்ட பிற்பாடு, விவாகமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்ற சுபதினத்தில், "நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது கடற்கரைப் பக்கம் போய்ட்டு வரலாமே" என்று அவருடைய சகதர்மிணி வாய் தவறிச் சொல்லப்போக, அன்று மாலையே கடைக்குச் சென்று கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று வாங்கிவந்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் 'மாமல்லபுரம்' என்று முத்து முத்தாக எழுதிவிட்டார். ஏற்பாட்டுத் திலகம் என்று அவரை நாம் அழைக்கலாம். எந்தத் தெருவிலும் இவருக்குப் பஞ்சமில்லை.

நோட்டின் முற்பகுதி முழுவதும் சரித்திரம். கடற்கரைக் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியவன் ராஜசிம்ம பல்லவன் என்பதும், ஐந்து ரதங்களுக்குப் பஞ்சபாண்டவர் பெயரும் திரௌபதி பெயரும் வழங்கினாலும் அவர்களுக்கும் அவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதும், இந்தச் சின்னங்களை யுனெஸ்கோ 1984-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்பதும், அர்ஜுனன் தபசுப் பாறையிலே கைகளை உயர்த்தித் தவம் புரியும் பூனையும் அதை நம்பி அருகே வந்து நிற்கும் எலிகளும் எவ்விடத்தில் நின்றால் நன்றாகக் கண்ணுக்குப் படும் என்பதும் அதில் சாங்கோபாங்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. இவ்வளவும் அறிந்த மனிதர் அந்த ஊரை நேரில் போய் வேறு பார்க்க வேண்டுமா என்று நமக்குத் தோன்றும்; அந்தச் சந்தேகம் அவருக்கே உள்ளூர இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த அத்தியாயம் அறை பற்றியது. 'கடல் நோக்கிய அறை' என்றும் 'கடல் தெரியும் அறை' என்றும் விடுதிக்காரர்கள் இரண்டு ரகம் வைத்து, இரண்டுக்கும் வாடகையில் கணிசமான வித்தியாசமும் வைத்திருக்கிறார்களே, அந்த நுட்பத்தை ஆராயாமல் பணம் கட்டுவது எப்படி? திலகம் தொலைபேசியில் விசாரணையைத் தொடங்கினார்.

"ஜன்னலைத் திறந்தா கடல் தெரியுமா?"

"தெரியும் சார்."

"நின்னா தெரியுமா, படுத்துக்கிட்டே தெரியுமா?"

எதிர்முனையில் சிறிது மௌனம். "பால்கனிக்கு வந்து இடது பக்கமா எட்டிப் பார்த்தீங்கன்னா நல்லாத் தெரியும் சார்."

'எட்டிப் பார்த்தால்' என்பதை நோட்டில் குறித்து அடியில் சிவப்புக் கோடு போட்டார். பிறகு வரி. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டாவிட்டால் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு, ஒரு ரூபாய் தாண்டினாலும் 18 விழுக்காடு என்பதால், அந்த எல்லைக்கோட்டின் மேல் ஏறாமலும் அதைவிட்டு அதிகம் கீழே இறங்காமலும் நிற்கும் அறை எந்த விடுதியில் இருக்கிறது என்று தேடுவதில் ஒரு வாரம் இன்பமாகக் கழிந்தது. அந்த மகிழ்ச்சியில், சூரியன் கடலில் அஸ்தமிப்பதை அறையிலிருந்தே பார்க்க முடியுமா என்று ஒரு விடுதியில் கேட்டுவிட்டார். வங்கக் கடலில் சூரியன் உதிப்பது மட்டும்தான் வழக்கம், மறைவதெல்லாம் செங்கல்பட்டுப் பக்கம் என்று அங்கிருந்த பையன் மரியாதையாகத் தெரிவித்தான். அன்றிரவு திலகத்துக்குத் தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் எழுந்து, பௌர்ணமியன்று சாயங்காலம் நிலா கடலிலிருந்து அல்லவா எழும் என்று கண்டுபிடித்து, அஸ்தமனத்தை அடித்துவிட்டு, பௌர்ணமி ஒன்றுக்காகப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

பஞ்சாங்கத்தைப் பிரித்ததுதான் வினையாயிற்று. சித்திரை, வைகாசியில் அக்கினி நட்சத்திரம் என்பது ஒரு பக்கம் இருக்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று 61 நாள் தடைக்காலம். கடலோரம் போய் வஞ்சிரம் வறுவல் சாப்பிடாமல் திரும்புவது பாவம். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லையே என்று நான் ஒரு வார்த்தை சொன்னபோது, "அது நெத்திலிக்குச் சரி" என்று ஒரே வீச்சில் என்னைத் தள்ளிவிட்டார். ஆனியில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். ஆடியில் புருஷனும் பெண்சாதியும் ஜோடியாக உல்லாசப் பிரயாணம் போனால், இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியமேயானாலும், ஊரார் என்ன சொல்வார்கள்? ஆவணி முழுவதும் கல்யாணப் பத்திரிகைகள். புரட்டாசியில் வீட்டில் மீன் கிடையாது. சமுத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைவதற்கு 7,499 ரூபாயா? ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்குச் சொந்தம். டிசம்பரில் மழை ஓய்ந்துவிடாதா என்று கேட்பவர்களுக்காகவே, 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது என்ற செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறார். மார்கழியில் கச்சேரி, போதாததற்கு வருஷக் கடைசி என்று விடுதிக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள். தையில் காணும் பொங்கல் கூட்டம். பங்குனி வருஷாந்தரக் கணக்கு முடிக்கும் மாதம். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது என்பதை அந்த இடத்தில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

பாக்கி நின்றது மாசி. குளிருமில்லை, வெயிலுமில்லை, மீனுக்கும் குறைவில்லை. பௌர்ணமியும் இருந்தது, ஆனால் மாசிப் பௌர்ணமி என்பது மாசி மகம் அல்லவா? பல ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரத்துக் கரைக்கு வந்து, சேலைகளையும் தார்ப்பாய்களையும் கட்டிக் கூடாரம் அடித்து, மணலிலேயே படி அமைத்துக் கன்னியம்மனைப் பூஜித்து, பெண் பார்த்து நிச்சயம் செய்து, விடியற்காலையில் அலையோரத்திலேயே தாலி கட்டிக் கல்யாணங்களையும் நடத்தி முடிக்கிற நாள் அது. திலகம் நோட்டில் எழுதினார்: 'மாசி: கூட்டம். தம்பதிகளுக்கு உகந்ததன்று.' அடுத்தடுத்து எத்தனையோ பேர் புதிதாகத் தம்பதிகள் ஆகிக்கொண்டிருக்கும் கரையைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் இருக்கிறது.

இதற்குள் அவருடைய கீர்த்தி பரவிவிட்டது. மாமல்லபுரம் போகிற தெருவாசிகள் எல்லாரும் அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசனை கேட்டுவிட்டே புறப்படுகிறார்கள், வந்ததும் தப்பு செய்ததற்காகத் திட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

அம்மையார் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. சென்ற மாசியில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் சேர்ந்து ஒரு வேன் பேசி, மகத்துக்கு முதல் நாள் சாயங்காலமே புறப்பட்டபோது, "நானும் வர்றேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டுவிட்டார். இதைக் கேட்டுத் திலகம் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தவர்கள் அவரை அறியாதவர்கள். மறுநாள் மத்தியானம், புடவைக் கரையெல்லாம் உப்பும் மணலுமாக அம்மையார் வாசற்படி ஏறியதும், காப்பி கலந்து கையில் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்து, தாமும் எதிரே நோட்டும் பேனாவுமாக அமர்ந்தார்.

"ரூம் ஜன்னல் எந்தத் திசை?"

"ரூமே எடுக்கலீங்க. மணல்லயே உட்கார்ந்திருந்தோம். விடிகாலைல பக்கத்துலயே நாலு கல்யாணம். ஒரு வீட்டுக்காரங்க எங்களுக்கும் வெத்தலபாக்கு கொடுத்தாங்க."

இதற்கு நோட்டில் தலைப்பு இல்லாததால் அவர் எழுதவில்லை. "நிலா எத்தனை மணிக்கு எழும்பிச்சு?"

"கடிகாரத்த யாருங்க பார்த்தா?"

"வஞ்சிரம்?"

"சுண்டல் சாப்பிட்டோம்."

திலகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, கடல்?"

"கடல் இருந்துச்சுங்க."

அவர் முகம் மலர்ந்தது. பல பக்கங்கள் பின்னால் புரட்டி, 'கடல்' என்ற பதிவைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே ஒரு டிக் போட்டு, 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதித் தேதியும் இட்டார்.