வேரோடு நிற்கும் புல்

யாழ்ப்பாணத்தில் எங்கள் முற்றத்தில் ஒரு புல் தலைகாட்டினாலும் அம்மாவுக்கு மானக்கேடு. சனிக்கிழமை விடிந்ததும் உழவாரத்தை என் கையில் தந்துவிடுவா. குந்தியிருந்து புல்லுச் செருக்க வேண்டும்; அறுகு என்றால் வேர்வரை கிண்ட வேண்டும். செருக்கியது மாட்டுக்கு. பிறகு அம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் மணலில் வரிவரியாகக் கூட்டிவிடுவா. அந்த வரி கிடந்தால்தான் அது வீடு.

இப்போது லண்டன் புறநகரில், வீட்டுக்குப் பின்னால் 40 சதுர மீட்டர் நிலம். காசு கொடுத்துப் புல்விதை வாங்கித் தூவி, உரம் போட்டு, முளைத்ததைக் கண்டு பூரித்து, பிறகு அதை வெட்ட மெஷின் தேடிப் புறப்பட்டேன். வயர் இல்லாததுதான் வேண்டும். பழைய மெஷின் தன் வயரைத் தானே வெட்டிக்கொண்டது. அந்தக் கதை வேண்டாம்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 40 வோல்ட். பொடி எழுத்தில் 36. உள்ளே இருப்பது 3.6 வோல்ட் செல்கள் 10. முழுச் சார்ஜ் ஏறிய கையோடு கொஞ்ச நேரம்தான் 40. கலியாணத் தரகர் மாப்பிள்ளையின் சம்பளம் சொல்வதுபோல. எவ்வளவு நேரம் ஓடும் என்று அறிய வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். 36-ஐ 2 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 72 வாட்-மணி. என் நிலத்துக்கு அதுவே தாராளம். ஆனாலும் 4 ஆம்பியர்-மணி பற்றரியைத்தான் வாங்கினேன். நாளைக்கே ஒரு கால்பந்து மைதானம் சீதனமாக வந்தால்? 46 சென்டிமீட்டர் அகல மெஷின் மேலும் கண் போனது. அதைத் திருப்பவே என் தோட்டத்தில் இடமில்லை என்பதால் 33-க்கு இறங்கிவந்தேன். பின்னால் உருளை வைத்ததாகப் பார்த்து எடுத்தேன்: போகும்போது ஒருபக்கம், வரும்போது மறுபக்கம் புல்லைச் சாய்த்து, வெளிறலும் கருமையுமாக வரி போடும்.

1830-இல் முதல் புல்வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்ற எட்வின் படிங்குக்கு அந்த யோசனை வந்தது, கம்பளித் துணியின் மயிரைச் சிரைக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து. செருக்குவது வேறு, சிரைப்பது வேறு. சிரைத்தது திரும்ப வளரும். மார்ச் முதல் ஒக்டோபர் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டிய புல்லை அள்ளிப்போகக் கவுன்சிலுக்கு வருடாவருடம் காசு. அவர்களிடம் மாடில்லை.

முதல்நாள் வெட்டி முடித்து, வரி விழுந்த புல்லை வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"ஏன் தம்பி, முத்தம் இப்பிடிப் புல்லுப் பத்திக் கிடக்கு?"

"இப்பதானம்மா வெட்டினனான்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா.

"வெட்டினதெண்டா ஏன் வேரோட நிக்குது? அங்கை உழவாரம் விக்கிறேல்லையோ?"