ஜப்பான்காரன் எவ்வளவோ மேல்

1931-ல் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் ஓட்டிக் காட்டிய சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி உள்ளங்கையில் அடங்கும். குறுக்களவு 11 சென்டிமீட்டர். பித்தளை, கம்பி, அரக்கு. அயனிகளைக் காந்தப்புலத்தில் சுற்றவிட்டு, சுற்றுக்குச் சுற்று மின்னழுத்தத்தால் ஒரு தள்ளு. சூத்திரம் அவ்வளவுதான். 1939-ல் நோபல் வாங்கினார். டெண்டர் விட்டதாகத் தகவல் இல்லை.

அவரிடம் படித்த நாக்சௌதுரி, இயற்பியலாளர் மேக்நாத் சாகாவின் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு ஒன்று கட்டப் பாகங்களைக் கப்பலேற்றினார். போர்க்காலம். வெற்றிடப் பம்புகள் வந்த கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது. யார் செய்தது என்பதாவது தெரிந்தது.

இன்றைக்குப் பம்பை மூழ்கடிக்கக் கடல் எதற்கு? கோப்பு போதும்.

ஒரு பேராசிரியர் மாணவர்களுக்காகச் சின்னதாக ஒரு துகள் முடுக்கி கட்டக் கிளம்புகிறார் என்று வையுங்கள். டர்போ பம்பு வேண்டும். மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். செய்வது ஒரே கம்பெனிதான் என்றால், ஒரே கம்பெனிதான் என்பதற்குச் சான்றிதழ். நாற்காலியும் பினாயிலும் விற்கும் அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில் இந்தப் பம்பு கிடைக்காது என்பதற்கு இன்னொரு சான்றிதழ். (இதற்கு மட்டும் மத்திய ஆய்வு நிறுவனங்களுக்கு 2025 ஜூனில் விலக்குத் தந்தார்கள். அதற்குள் எத்தனை ஆய்வு மாணவர்களுக்கு நரை விழுந்ததோ!) தப்பித்தவறி மூன்று பேர் சிக்கிவிட்டால், விலை குறைந்தவர் எல்-1, ஆர்டர் அவருக்கே. அவர் பம்பு காற்றை உறிஞ்சுமா என்பது ஆடிட்டரின் கவலை அல்ல.

பணம் பிப்ரவரியில் வரும். மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு. இல்லையேல் திருப்பிக் கட்டு. அந்த அவகாசத்தில் என்ன வாங்க முடியும்? ஏசி வாங்கலாம். பிரிண்டர் வாங்கலாம். முடுக்கி இல்லாத முடுக்கி ஆய்வகத்தில் குளிர் மட்டும் உலகத்தரம்.

மீறிக் கருவியை வாங்கினால் வரி. பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2022 ஜூலையில் 18 ஆக்கினார்கள். கொடுத்த கையும் பிடுங்கிய கையும் ஒன்றே. போட்டோ எடுத்தது கொடுத்தபோது மட்டும்.

காசில்லையாம். நாட்டு மாட்டின் சாணம், கோமியம் பற்றி ஆராய 2020-ல் அறிவியல் தொழில்நுட்பத் துறை விண்ணப்பம் கேட்டபோது இந்தப் பஞ்சப்பாட்டு கேட்கவில்லையே! 2020-21-ல் ஆராய்ச்சிக்கு நாடு செலவழித்தது ஜிடிபியில் 0.64 சதவீதம். மேடையில் நாம் விஸ்வகுரு. 2023-ல் ஆராய்ச்சிக்கு 50,000 கோடி என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். உள்ளே பிரித்தால், அதில் 36,000 கோடியை வெளியார் யாரோ தரப்போகிறார்களாம். தனியார் முதலாளியின் தாராள மனசு பட்ஜெட் கணக்கில் வரவு!

சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை மாணவர்கள் பழகிய சைக்ளோட்ரான், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் 1930-களில் கட்டி, ஓட்டி முடித்து, கழற்றித் தந்தது. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கட்டியெழுப்பி ஓட்டினார்கள். அதில் ஆய்வு நடந்தது, முனைவர்கள் வந்தார்கள். இனாமாக வந்ததால் எல்-1 யார் என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் வந்து சேர்ந்தது.