நின்று சேவிக்கலாம்

கேள்வி: மாற்றுத்திறனாளிகளின் சிரமத்தைக் குறைத்த பெண் விஞ்ஞானி நம் தமிழ்நாட்டில் உண்டா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: சென்னை ஐஐடியின் இயந்திரப் பொறியியல் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் இருக்கிறாரே! இவரது குழு உருவாக்கிய ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019-ல் வந்தது. மோட்டார் வேண்டாம், கையால் இயக்கினாலே உட்கார்ந்திருப்பவர் யார் தயவும் இல்லாமல் எழுந்து நிற்கலாம், மறுபடி உட்காரலாம். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் புண் வரும், ரத்த ஓட்டம் குறையும். நிற்பதே அவர்களுக்கு மருந்து. மேல்தட்டில் இருக்கும் காபிப்பொடி டப்பாவைத் தானே எடுக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! நம்ம ரெங்கநாதர் படுத்தபடியே சேவை சாதிக்கட்டும். இந்த நாற்காலிக்காரர் நின்றே சேவிப்பார்.

2022-ல் இதே குழுவின் ‘கதம்’ என்ற செயற்கை முழங்கால் வந்தது. இந்தியில் ‘காலடி’ என்று அர்த்தம். 160 டிகிரி வரை மடங்கும். அதிலென்ன பெருமை என்கிறீர்களா? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, முன்சீட்டில் முட்டி இடிக்க ஸ்ரீரங்கம் வரை ஒருமுறை வந்து பாருங்கள். மடங்காத காலை அங்கே எங்கே வைப்பது?