விபத்தில்லா நாட்கள்: 0

தூத்துக்குடிப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் 31 வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். வாசலில் 'விபத்தின்றிக் கடந்த நாட்கள்' என்று ஒரு பெரிய போர்டு. தினமும் காலையில் அந்த எண்ணை ஒன்று கூட்டி மாட்டுவது என் வேலை. ஓய்வுபெற்ற அன்று அது நாலு இலக்கத்தில் இருந்தது. சால்வை போர்த்தி, "சார் இருந்தவரை யாருக்கும் ஒரு ஆணி குத்தினதில்லை" என்று பேசினார்கள். அது கொஞ்சம் மிகை. ஆணி குத்தியிருக்கிறது. எனக்குத்தான் குத்தியது, வெளியே சொல்லவில்லை.

இந்தப் பெருமையோடு பாளையங்கோட்டை வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, பெங்களூரிலிருந்து மகள் 13 மாதக் குழந்தையோடு வந்து இறங்கினாள். மூன்று மாதம் இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பாளாம். "அப்பா, நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்போடு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே பழைய சிலேட்டு ஒன்றைத் தேடி எடுத்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் மாட்டினேன். 'விபத்தில்லா நாட்கள்: 0'. நாளைக்கு 1 என்று எழுதலாம் என்ற நம்பிக்கை. எட்டு நாள் ஆகியும் சைபர் நகரவில்லை. ஒன்பதாம் நாள் பேத்தி சாக்பீஸைத் தின்றுவிட்டதால் எழுதவும் வழியில்லாமல் போனது.

என் மனைவிக்கு இந்தக் கணக்கே பிடிக்கவில்லை. "பிள்ளை விழுந்து எந்திரிக்கிறதெல்லாம் விபத்தா? அப்படிப் பாத்தா எவளும் நடக்கவே படிக்க முடியாது" என்றாள். ஆலையில் விபத்து வேறு, 'நியர் மிஸ்' வேறு என்று விளக்கினேன். மேலேயிருந்து விழுந்த போல்ட்டு தலையில் பட்டால் விபத்து. பக்கத்தில் விழுந்தால் நியர் மிஸ். இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் நாள் மதியத்துக்குள் என் நோட்டில் 11 நியர் மிஸ். ரைஸ் குக்கர் வயரைப் பிடித்து இழுத்தது, துடைப்பக் குச்சியோடு ஓடியது, என் செருப்பைக் கடித்தது என்று போகும். செருப்பை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மகள் ஒரு பை நிறையப் பாதுகாப்புச் சாமான் வாங்கி வந்திருந்தாள். மேஜை முனைக்கு ஒட்டுகிற ஸ்பாஞ்ச், பிளக் பாயின்ட் மூடி, அலமாரிக்குக் காந்தப் பூட்டு. ஸ்பாஞ்சைப் பேத்தி மறுநாளே உரித்து மென்றாள். பிளக் மூடியைப் பிடுங்கி வாயில் போட்டாள். ஷாக் அடிக்காமல் தடுக்க வந்தது தொண்டையை அடைக்கப் பார்த்தது. காந்தப் பூட்டு மட்டும் அற்புதமாக வேலை செய்தது. அதைத் திறக்க முடியாத ஒரே ஆள் நான்தான். காந்தச் சாவியை அவள் அரிசி டின்னுக்குள் போட்டிருந்தாள். என் பிரஷர் மாத்திரை உள்ளே, நான் வெளியே. சாவி கிடைத்தபோது எனக்குப் பிரஷர் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

நம் புலவர்கள் இதையெல்லாம் முன்பே யோசித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவதே காப்பு. குழந்தை தவழ ஆரம்பிக்கும் முன்பே திருமாலில் தொடங்கி ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். செங்கீரை, தால், சப்பாணி எல்லாம் அதற்கு அப்புறம்தான். இத்தனை பேரைக் காவலுக்குப் போட எனக்கு எந்த வருஷமும் பட்ஜெட் கிடைத்ததில்லை. ஆனால் பிறகு சறுக்கிவிட்டார்கள். வருகைப் பருவத்தில் பிள்ளையை 'வா, வா' என்று அழைக்கிறார்கள். அந்த வீடுகளில் அடுப்படி தள்ளி இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பருவம் முழுக்க 'வராத, வராத'தான். பெண்பிள்ளைக்குக் கடைசியில் நீராடல், அம்மானை, ஊசல் என்று வைத்திருக்கிறார்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மேலே வீசுகிற காய், ஒன்றில் ஆடுகிற பலகை. ஒரு சேஃப்டி ஆபீசரைக் கலந்துகொள்ளவே இல்லை.

சரி, முறைப்படி ஆய்வு செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்தேன். குழந்தையின் கண்மட்டத்தில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அங்கிருந்து பார்த்தால் அது வேறு வீடு. சோபாவுக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை, மூக்குத்தித் திருகாணி, பேனா மூடி, எப்போதோ உடைந்த கடிகாரத்தின் பட்டன் பேட்டரி. பேட்டரியைப் பார்த்ததும் எனக்கு வேர்த்தது. அது குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள் குழாயை அரித்துவிடும். நான் பார்த்த எந்த ரசாயன டேங்குக்கும் இவ்வளவு சின்ன மூடி கிடையாது.

பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்னக் குழல் வைத்திருப்பார்கள். அதன் வாய் அகலம் 3.2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை கையில் இருக்கக்கூடாது. பழைய கேமரா ஃபிலிம் ரோல் டப்பா கிட்டத்தட்ட அதே அளவு. பரணில் ஒன்று கிடைத்தது. வீடு முழுக்க அதை எடுத்துக்கொண்டு அலைந்தேன். வேர்க்கடலை உள்ளே போனது, திராட்சை போனது, சோழி போனது, மகளின் ஒற்றைக் கம்மல் போனது. கம்மல் மட்டும் திரும்பி வர இரண்டு நாள் ஆனது, ஏனென்றால் டப்பாவை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டேன். தரையிலிருந்து எழுந்திருக்க அன்று எனக்கு இரண்டு பேர் உதவி தேவைப்பட்டது. அதையும் நோட்டில் எழுதச் சொன்னாள் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரர் பிரியமாக ஒரு வாக்கர் கொண்டுவந்தார். சக்கரம் வைத்த வளையத்துக்குள் பிள்ளையை உட்கார்த்தினால் அது நொடியில் படிக்கட்டு விளிம்புக்குப் போய்விடும். கனடாவில் 2004-லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். "கனடாவில பனி, வழுக்கும், இங்க என்ன?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மர நடைவண்டி ஒன்று வாங்கினேன். அது பிள்ளை தள்ளுகிற வேகத்தில்தான் போகும்.

இனி கற்பூரக் கதை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பழைய ஆலை நண்பர் போனில் கூப்பிட்டார். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்துக்குப் பேச வர வேண்டுமாம். 'ஆபத்தை முதலில் அப்புறப்படுத்து. முடியாவிட்டால் வேறொன்றை மாற்றிவை. அதுவும் முடியாவிட்டால் வேலி போடு. எச்சரிக்கைப் பலகையும் ஹெல்மெட்டும் கடைசியில்தான்' என்று நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, பிள்ளை சத்தமே காணோம். என்ன செய்யுதான்னு பாருங்க." ஆலையில் சத்தம் கேட்டால் ஓடுவோம், வீட்டில் சத்தம் நின்றால் ஓட வேண்டும். நான் போனை வைப்பதற்குள் அவளே ஓடிவிட்டாள்.

பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு முன்னால் பேத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் கற்பூர டப்பா. கையில் வெள்ளையாக ஒரு வில்லை. வாய் திறந்திருந்தது. மனைவி மணிக்கட்டைப் பிடித்தபோது விரலுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு அங்குலம் இருந்திருக்கும்.

வாயை முகர்ந்து பார்த்தோம், வாசனை இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒன்று உள்ளே போயிருந்தால்? மகள் மாடியிலிருந்து இறங்கிய வேகத்தில் செருப்புகூடப் போடவில்லை. சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அம்மா, "உப்புத் தண்ணியக் குடுத்து வாந்தி எடுக்க வையுங்க" என்றார். நல்லவேளை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "டப்பாவைக் கொண்டுவந்தீங்களா?" மகள் கொண்டுவந்திருந்தாள். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் கொஞ்ச நேரத்திலேயே வலிப்பு வரலாம். அதனால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, மண்ணெண்ணெய் குடித்தாலும் அப்படித்தான், கையில் கிடைத்த வண்டியிலோ 108-லோ நேரே வந்துவிட வேண்டும் என்றார். இரவு வரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பேத்தி அந்த நேரம் முழுக்க டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பை ஃபிலிம் டப்பாவில் அடைக்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. ஜப்பானில் டொயோட்டாக்காரர்கள் 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஏன் நடந்தது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை கேட்டால் மூல காரணம் வந்துவிடும். வருஷக்கணக்காக நான் வகுப்பெடுத்த பாடம். இந்த முறை கேட்டது என் மனைவி.

"பிள்ளை ஏன் அந்த டப்பாவை எடுத்தா?"

"கற்கண்டுன்னு நினைச்சு."

"கற்கண்டு அந்தத் தட்டுல இருக்கும்னு அவளுக்கு ஏன் தெரியும்?"

"தினமும் அங்கேயிருந்து எடுத்துக் குடுக்கிறதால."

"தினமும் யாரு குடுக்கிறது?"

நாலாவது ஏனுக்கு அவசியம் ஏற்படவில்லை. காலையில் சாமி கும்பிட்டுவிட்டுப் பேத்தி வாயில் ஒரு டைமண்ட் கற்கண்டு போடுவது என் பழக்கம். 13 மாதத்துக் குழந்தைக்குக் கற்கண்டே கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும் என்று டாக்டர் தனியாக வேறு சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டிலுள்ள அத்தனை பொருளையும் ஃபிலிம் டப்பாவுக்குள் போட்டுப் பார்த்தவனுக்குக் கற்கண்டைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நோட்டை எடுத்து நிதானமாகப் படித்தேன். பேட்டரி என்னுடைய கடிகாரத்தினுடையது. பேனா மூடி என்னுடையது. குளியலறையில் கால் வாளித் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வந்ததும் நான்தான். தலை கனத்த பிள்ளை எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் அந்தத் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாளி எல்லாம் கவிழ்ந்தே கிடக்கிறது.

மூன்றாம் மாதம் மொட்டை போடத் திருச்செந்தூர் புறப்பட்டோம். மாப்பிள்ளையின் காரில் குழந்தைக்கென்று தனி இருக்கை. "மடியில வச்சுக்கிட்டா போதாதா?" என்றாள் மனைவி. இந்த ஒரு விஷயத்தில் நான் சரியாக இருந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், மடியிலிருக்கும் 10 கிலோ பிள்ளை 100 கிலோவுக்கு மேல் கனத்து முன்னால் பாயும். நிறை சிலிண்டரே ஏறக்குறைய 30 கிலோதான். அதை நான் தூக்கி வருஷக்கணக்காகிறது. இருக்கையில் வாரைப் போட்டு அவளைப் பூட்டினோம். அரை மணி நேரம் ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதுவிட்டுத் தூங்கினாள். வழியில் ஒரு ஸ்கூட்டர் எங்களை முந்தியது. முன்னால் நின்றபடி ஒரு பிள்ளை, பின்னால் அம்மா மடியில் ஒன்று, ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வாரும் வேண்டும், 40-ஐத் தாண்டக்கூடாது என்று 2022-லேயே விதி போட்டுவிட்டார்கள். அந்த ஸ்கூட்டருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

கோயில் கூட்டத்தில் பிள்ளை தவறிவிடக் கூடாது என்று எங்கள் போன் நம்பர்களை ஒரு சீட்டில் எழுதி அவள் கவுனில் ஊக்கு குத்தியிருந்தேன். (ஊக்கு எதற்கு என்று மகள் அதை எடுத்துவிட்டுத் தைத்துவிட்டாள்.) நாழிக்கிணறு வரிசையில் காணாமல் போனது நான். போன் காரில் இருந்தது. ஒருவர் நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லை. நம்பரெல்லாம் பேத்தியின் கவுனில். பாளையங்கோட்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் காத்திருக்கிறார் என்று மைக்கில் சொன்னார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் தடவிய பேத்தி ஆச்சியின் இடுப்பில் உட்கார்ந்து என்னை மீட்க வந்தாள்.

இப்போது சிலேட்டில் 19. கற்பூரம் பரணுக்குப் போய்விட்டது. தினமும் சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கிறேன், மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறாள். உங்கள் வீட்டில் அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.