ஏழு திரைக்கு அப்பால் ஒரு நோட்டு

வடலூர் நாலுமுனைச் சந்திப்பிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின், அதாவது என்.எல்.சி.யின், ரிட்டையர்டு ஊழியர் ஒருவர் எதிரே வந்துவிடுவார். ஓய்வு பெற்றால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். விவரமானவர்கள் அதற்கு முன்பே வடலூரில் மனை வாங்கிப் போட்டு, பணம் கைக்கு வந்ததும் மாடி எழுப்பி, வாசலில் ஒட்டுமாங்கன்று வைத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் சிக்கல். மாங்கன்று தானாக வளர்ந்துகொள்ளும். மனிதர் என்ன செய்வது? சிலர் வள்ளலாரின் சன்மார்க்க சங்கத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். சிலர் மனை புரோக்கர் ஆகிறார்கள். ஓமியோபதி உருண்டை கொடுப்பவர்களும் உண்டு. இவர்களிலெல்லாம் தனி ரகம், தினமும் படம் வரையப்போகிறவர்.

பார்வதிபுரத்துப் பக்கம் குடியிருக்கும் நம் சார் அந்த ரகத்தின் தலைமகன். வரைகிறவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வரைந்துகொண்டிருந்தவர் என்றும் சொல்ல முடியாது. வரையப்போகிறவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் முதுகில் தட்டிக்கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தான். வேலையில் இருந்த காலம் முழுக்க, "ரிட்டையர் ஆகட்டும், அப்புறம் பாருங்க" என்பார். ரிட்டையர் ஆனார். "வீடு முடியட்டும்" என்றார். வீடும் முடிந்தது. "ஈரம் காயட்டும்" என்றார். சுவர் காய்ந்து, விரிசலும் விட்டாயிற்று.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சுரங்கத்தில் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். ஐப்பசி அடைமழையிலும் நைட் ஷிப்டுக்கு நேரத்துக்குப் போய் நின்றவர். ரிலீவர் வராமல் மிஷினை விட்டு ஓர் அடி நகர்ந்ததில்லை. அவர் வழக்கே வேறு: படம் வரைவதற்கு ஷிப்ட் இன்சார்ஜ் இல்லை, வருகைப்பதிவு இல்லை, ஓவர்டைம் இல்லை. இப்படி ஒரு வேலையை எப்படித் தொடங்குவது?

ஆகவே முதலில் நிர்வாகத்தை அமைத்தார். ஏ ஷிப்ட்: பென்சில் கோடு. பி ஷிப்ட்: வாட்டர் கலர். சி ஷிப்ட்: கற்பனை. இது படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு செய்வது. வருடத்துக்குப் பன்னிரண்டு சி.எல்., ஞாயிறு வார ஓய்வு, தீபாவளி பொங்கல் தனி. இவ்வளவையும் ஒரு சார்ட் அட்டையில் இரட்டைக் கோடு போட்டு, எழுத்துக்கெல்லாம் நிழல் கொடுத்து எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் உருவான முதல் தரமான படைப்பு அதுதான். மூன்றாம் நாளே சி.எல். கணக்கு ஆரம்பித்தது. ஆடி பிறப்பதற்குள் அந்த வருட லீவு முழுக்கத் தீர்ந்து, அடுத்த வருடத்ததில் முன்பணம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பழக்கம் படிய இருபத்தொரு நாள் போதுமாம்" என்று வாக்கிங்கில் ஒருநாள் சொன்னார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மருமகன் அதை மறுத்துவிட்டார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்களாம். சராசரியாக 66 நாள் ஆகுமாம், ஆளைப் பொறுத்து 18-லிருந்து 254 வரை போகுமாம். வேறு யாராக இருந்தாலும் மனம் தளர்ந்திருப்பார்கள். சார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தீங்களா, எனக்கு 254-ன்னு வச்சுக்குங்க. அவசரமே இல்ல" என்றார். 254 நாளும் வரைய வேண்டும் என்ற சங்கதியை மருமகனும் சொல்லவில்லை. மாமனாரிடம் எவ்வளவுதான் பேசுவது?

உதாரணங்களுக்கு அவரிடம் பஞ்சம் கிடையாது. ஊரில் சோறு போடும் தருமச்சாலையின் அடுப்பைக் காட்டுவார்: "1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் பத்த வச்சது. இன்னிக்கும் எரியுது. தினசரிப் பழக்கம்னா அதுங்க!" ஓவியர் சில்பியை எடுத்துக்கொண்டால், விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக அவர் கோயில் கோயிலாக உட்கார்ந்து சிலைகளை வரைந்த கதை முக்கால் மணி நேரம் ஓடும். ஓவியர் கோபுலு வந்துவிட்டாலோ டீ ஆறிவிடும். பக்கவாதத்தில் வலது கை முடங்கியதும் கோபுலு இடது கையால் வரையப் பழகினாரே, அந்த இடத்தில் சாருக்குக் குரல் கம்மும். சாருடைய இரண்டு கையும் அப்போது நன்றாகவே இருக்கும். ஒன்றில் டீ டம்ளர், மற்றதில் கீரை வடை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்நூறு ஜி.எஸ்.எம். வாட்டர் கலர் தாள், கெட்டி அட்டை. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் 'ஒரே மாதத்தில் ஓவியம்' மாதிரிப் புத்தகங்கள் வாங்கிச் சேர்த்த பிறகு, அவற்றுக்குத் தகுந்த நோட்டு வேண்டாமா என்று சென்னைக்கு ஆள் சொல்லி வரவழைத்தது. ஒரு தாளின் விலைக்கு வீட்டுக்கு ஒரு நாள் காய்கறி வாங்கிவிடலாம். அப்பேர்ப்பட்ட தாளில் பென்சிலை வைக்க யாருக்குத்தான் மனசு வரும்? முதலில் மர பீரோ. அதற்குள் ஒரு சூட்கேஸ். சூட்கேஸுக்குள் பழைய பெட்ஷீட். பெட்ஷீட்டுக்குள் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. பைக்குள் செய்தித்தாள். அதற்குள் பாலிதீன் உறை. உறைக்குள் நோட்டு, நோட்டின் முதல் தாள் மேல் ஒரு பட்டர் பேப்பர். தூசிக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, பேரனுக்கு மட்டும் மூன்று என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருக்கிறார்.

வள்ளலாரின் ஞானசபையில் ஏழு திரை என்பது ஊரறிந்தது. கறுப்பில் தொடங்கிக் கலப்பு நிறத்தில் முடியும். மாதப் பூசத்தில் ஆறு திரையை விலக்குவார்கள். தைப்பூசத்தன்றுதான் ஏழும் விலகி ஜோதி முழுசாகத் தெரியும். 1872 ஜனவரி 25-இல் முதல் தைப்பூச ஜோதி. சாரும் மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து ஆறை விலக்குவார். ஏழாவதான பட்டர் பேப்பர் வழியாக, வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருப்பதை உறுதி செய்துகொள்வார். மறுபடி கட்டி வைத்துவிடுவார். "தைப்பூசத்துக்காவது முழுசாத் திறப்பீங்களா?" என்று சாரின் வீட்டம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். அன்று முழுக்க சார் யாருடனும் பேசவில்லை.

அம்மா தினமும் விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர். மார்கழியில் தெருவை அடைத்துப் போடுவார். அதற்கு அட்டவணையும் கிடையாது, சி.எல்.லும் கிடையாது. சார் ஒருமுறை, "இதுவும் ஒரு ஆர்ட்தான், டாக்குமென்ட் பண்ணணும்" என்று செல்போனும் கையுமாக வாசலில் நின்றார். "ஏங்க, நடுவுல நிக்காதீங்க, பால்காரர் வர்றாரு" என்றார் அம்மா. ஆவணப்படுத்தும் திட்டம் அத்தோடு முடிந்தது.

ஒரே ஒரு முறை களத்தில் இறங்கினார். ஞானசபையையே வரைவது என்று மடக்கு ஸ்டூல், பலகை, தொப்பி, தண்ணீர் பாட்டில் சகிதம் சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் போய் உட்கார்ந்தார். சபை எண்கோணம். ஓரிடத்தில் நின்று பார்த்தால் எட்டுப் பக்கத்தில் நாலுக்கு மேல் கண்ணில் படாது. சாருக்கு எட்டையும் காட்டியாக வேண்டும்; மற்ற நாலையும் மறைத்தால் அது பாதி வேலை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து நின்றார். "எந்த டிபார்ட்மென்ட் சார்? சர்வேயா?"

சுரங்கத்துக்கு நிலம் எடுப்பு என்ற பேச்சு எழுந்தாலே வயிற்றில் புளி கரையும் சுற்றுவட்டாரம் இது. பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டலாமா கூடாதா என்று கோர்ட்டு வரை போன வழக்கு வேறு. பலகையும் பென்சிலுமாக ஒருவர் அங்கே உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "படம்தாங்க வரையறேன்" என்றார் சார். "எதுக்கு?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி, சாரிடம் பதில் இல்லை. தாளை வாங்கிப் பார்த்தார்கள். மூன்று கோடு இருந்தது. "எல்லைக் கோடு போட்டாச்சுடா!" என்றான் ஒருவன். கூட்டத்தில் பழைய ஷிப்ட் தோழர் ஒருவர் இருந்து, அடையாளம் சொல்லி அழைத்து வந்தார். வெளியிடத்தில் வரைவது நம் சீதோஷ்ணத்துக்குச் சரிப்படாது என்பது அன்றிலிருந்து சாரின் கொள்கை.

இப்போதெல்லாம் சாயங்காலமும் தடை வந்துவிட்டதாகக் குறைப்படுகிறார். தடையின் வயது ஆறு. ஆபத்தாரணபுரத்தில் இருக்கும் மகளின் பையன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தாத்தா வீடுதான். ஒருநாள் தேதி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் குச்சி குச்சியாக நட்டு, "தாத்தா, சுரங்கத்துல மண்ணு வாருமே, அந்த பக்கெட் வீல்" என்று நீட்டினான்.

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது சூரியன்டா! பக்கெட் எங்க? பல்லு எங்க?" பால் கணக்கு எழுதும் பேனாவைப் பிடுங்கினார். சக்கரம் வந்தது. விளிம்பில் வாளிகள், வாளிக்கு வாளி பற்கள். பிறகு நீண்ட பூம். அது கவிழாமலிருக்க மறுமுனையில் எதிர் எடை. தாள் போதவில்லை. இன்னொரு தாளைக் கிழித்துச் சோற்றுப்பருக்கையால் ஒட்டினார். அடியில் கிராலர் சங்கிலி, வாளி கொட்டும் மண்ணை வாங்கிக்கொண்டு ஓடும் பெல்ட். "மேல இருக்கறது வெறும் மண்ணுடா. அம்பது அறுவது மீட்டருக்கு இதையே வாரணும். அப்புறம்தான் லிக்னைட். அதுக்கும் அடியில தண்ணி, மேல முட்டிக்கிட்டே நிக்கும். எறைக்காம விட்டா சுரங்கத்தையே தூக்கிரும்." ஐம்பது மீட்டருக்கு எத்தனை தாள் ஆகும்? படம் மேஜையிலிருந்து தொங்கித் தரைக்கு வந்தது. ஆபரேட்டர் கேபினில் ஒரு மனிதனைப் போட்டார். தொப்பி, கண்ணாடி, ஜன்னலோரம் டிபன் கேரியர்.

உள்ளேயிருந்து வந்த அம்மா சுவரைப் பார்த்துத் திகைத்துப் போனார். "ஏங்க, அடுத்த வாரத்தையெல்லாம் கிழிச்சுட்டீங்களே! வெள்ளிக்கிழமை கிருத்திகை. அது மேல சக்கரத்தைப் போட்டு வச்சிருக்கீங்க!"

மணி எட்டரை. பையனைக் கூட்டிப்போக மகள் வந்துவிட்டாள். சார் பேனாவை மூடி, முதுகை நிமிர்த்தி, ஃப்ரிட்ஜில் இருக்கும் அட்டவணையை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னிக்கும் போச்சு. பி ஷிப்ட் முழுக்க இவனே தின்னுட்டான்."

செருப்பை மாட்டிக்கொண்டே பையன் சொன்னான்: "தாத்தா, நாளைக்கு மண்ணு கொட்டுற ஸ்ப்ரெடர் போட்டுத் தரணும்."

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு வேலை இருக்குடா. படம் வரையணும்."