மீன்சுருட்டியில் ஒரு ஸ்வெட்டர்

மார்கழிப் பனிக்கே காதை மறைத்து ஒரு துண்டு கட்டினால் போதும் என்கிற ஊர் எங்களுடையது. சித்திரையில் பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் கோயில் தரையில் கால் வைக்க முடியாமல் துள்ளுவார்கள். அந்த வெயிலில் நான் மடி நிறைய உல்லன் நூலோடு ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். "பெரியம்மா, யாருக்குக் குளிர்ஜுரம்?" என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டுப் பெண். குன்னூரில் இருக்கும் தங்கை பேத்திக்கு என்றேன்.

முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாகப் பின்னி மூட்டுவது எனக்குத் தெரியும். அதோடு நின்றிருக்கலாம். அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன் அம்மாளின் முறை கண்ணில் பட்டது. 1971இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே கண்ணீர் விடாமல் பின்னலாம் என்கிறது. வட்ட ஊசியில் உடம்பைக் குழாயாகச் சுற்றிப் பின்னலாம். பக்கத் தையலே கிடையாது. மார்புச் சுற்றுக்கான கண்ணிகள் 100 சதவீதம் என்றால் மணிக்கட்டுக்கு 20, மேல்கைக்கு 33, கழுத்துக்கு 40.

குழாய் முதலில் குழாயாகவே வரவில்லை. சுற்றை இணைக்கும்போது கண்ணிகளின் அடிவிளிம்பு முழுக்க உள்பக்கம் பார்க்க வேண்டுமாம். என்னுடையது ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருக்க, நாலு விரற்கடை ஏறிய பிறகுதான் கவனித்தேன். கணக்கு வாத்தியார்கள் வேண்டுமானால் இந்த முறுக்கை ரசிப்பார்கள். பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெரிய கூத்து அளவில். மாதிரித் துண்டு ஒன்று பின்னி, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எனக்கோ உப்புப் பார்க்காமலே குழம்பை இறக்குகிற கை. நூல் உறையில் 20 என்று போட்டிருந்தது, 80 செ.மீ. சுற்றுக்கு 160 போட்டேன். என் தளர்ந்த கைக்கு விழுந்ததோ 16. சுற்று 100 செ.மீ. ஆகிவிட்டது. வட்ட ஊசியில் கண்ணிகள் நெருக்கியடித்து நிற்பதால் அகலமும் தெரிவதில்லை. மற்றதெல்லாம் சதவீதக் கணக்கல்லவா, கைகளும் விகிதம் பிசகாமல் பெருத்தன.

பின்கழுத்தை உயர்த்த ஜெர்மன் குறுவரிசை போட்டேன். பாதியில் திரும்பி நூலை இழுத்தால் ஒரே கண்ணி இரண்டு கால் காட்டும். அதை ஒன்றாகவே எண்ண வேண்டும். நான் இரண்டாக எண்ண, முதுகில் திமில் எழுந்தது. கடைசியில் கழுத்தை மூடும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு கண்டிப்பு வந்து, இறுக்கி இறுக்கி மூடினேன். இரண்டு பிள்ளைகளை உள்ளே போடலாம், ஒரு தலை நுழையாது.

2016இல் சென்னையில் பெண்கள் கூடி, குரோஷாவில் பின்னிய துண்டுகளை இணைத்து, 11,148 சதுர மீட்டருக்கு மேல் போர்வை செய்து கின்னஸில் ஏறினார்கள். நான் உள்ளங்கையளவு மாதிரிக்குச் சோம்பினேன்.

நீங்கள் தொடங்குவதானால் அந்த மாதிரித் துண்டைப் பின்னி, நனைத்து, காயவைத்து அளந்துவிடுங்கள். என் ஸ்வெட்டரின் கழுத்தைப் பிரித்துத் தளர்வாக மூடியாயிற்று. தங்கைதான் போட்டுக்கொள்கிறாள், திமில் முந்தானைக்குள் போய்விடுகிறது. பேத்திக்குக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.