பட்டாளத்தின் ராஜ விசுவாசம்

சாந்தோமின் கதை எளிது: போர்த்துக்கீசியரிடமிருந்து 1662இல் கோல்கொண்டா பிடித்தது, 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். வந்தவன் எதிரி, வெளிப்படையாகவே வந்தான். வடக்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜார்ஜ் கோட்டையில்தான் சுவாரசியம். அங்கே பட்டாளம் தன் எஜமானையே பிடித்தது. 1665இல் கோட்டைத் தலைமைப் பதவி பறிபோன எட்வர்ட் விண்டர், அவர் இடத்துக்குப் புதிதாக வந்த பாக்ஸ்கிராஃப்டை ‘ராஜத் துரோகி’ என்று பட்டாளத்தைக் கொண்டு சிறையில் தள்ளிவிட்டு, 1668 வரை ராஜ விசுவாசத்துடன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். லண்டன் பல மாதக் கப்பல் தூரத்தில் இருந்தால் விசுவாசம் இப்படித்தான் செழிக்கும்.

இத்தகைய கவிழ்ப்புகளுக்குத் தளபதிகளின் பேராசைதான் காரணம் என்பார்கள். பேராசை எந்த ராணுவத்தில் இல்லை? கோட்டைக்குள்ளிருந்து ஒரு கையெழுத்தும் வேண்டும். 1776இல் ஆளுநர் பிகட், தஞ்சாவூரை அதன் ராஜாவிடமே திருப்பிக் கொடுத்தார். தஞ்சாவூர் வருவாயை நம்பி ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆளுநரைக் கைது செய்யும் ஆணையில் அவருடைய கவுன்சிலின் பெரும்பான்மை கையெழுத்திட்டது. கர்னல் ஸ்டூவர்ட் அன்று பிகட்டோடு விருந்துண்டு, அவர் வண்டியிலேயே ஏறி, வழியில் அவரைக் கைது செய்யவைத்தார். காவலிலேயே பிகட் 1777இல் இறந்தார்.

சட்டம் சும்மா விடுமா என்று கேட்கலாம். விடவில்லை: கவுன்சில் உறுப்பினர் நால்வருக்குத் தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம், ஸ்டூவர்ட்டுக்கு ராணுவ நீதிமன்றத்தில் கௌரவமான விடுதலை, பிறகு சென்னைப் படையின் தலைமை. இந்த விலைக்கு ஆட்சி கிடைத்தால் எவன்தான் வேண்டாம் என்பான்? 1783இல் மக்கார்ட்னி என்ற ஆளுநர்தான் முந்திக்கொண்டு ஸ்டூவர்ட்டையே கைது செய்தார்.